அந்தச் ‘சிலர்’ யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில் தலைமைத்துவப் பயிலரங்கு ஒன்றைப் பற்றி ஒரு பக்கச் செய்தி வந்திருந்தது. பேச்சாளர் சொன்னதாக அதில் ஒரு வரி: “பெரும்பாலோரின் நன்மைக்காகச் சிலர் பாதிக்கப்படுவதைத் தலைவன் தவிர்க்க முடியாது. நிர்வாக அறத்தின் அடிப்படையே இதுதான்.” அதைக் கட்டம் போட்டுப் பெரிய எழுத்தில் வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் நான். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஐயா, அந்தச் ‘சிலர்’ யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய பெயர்களைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தேன். தொண்ணூறுகளில் நிலத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்றார்கள். 37 குடும்பங்களுக்கு வேலைநீக்கக் கடிதம். ‘ஊர் வளரும், நிறைய பேருக்கு வீடு கிடைக்கும்’ என்று தோட்ட மேலாளரான துரை எங்களிடம் சொன்னார். கடிதம் கொடுக்கும் நாளன்று அவர் ஈப்போவுக்குப் போய்விட்டார். வேலைக்கு முன் எல்லோரும் கூடும் விடியற்காலைப் பெரட்டில் நின்று கொடுத்தது நான். முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா, கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, “துரை எங்கப்பா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

சட்டப்படி பணம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு இருபது நாள் சம்பளம். கணக்குப் போட்டதும் நான்தான், ஒரு காசு தவறவில்லை. ஆனால் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடு போனதும், பிள்ளைகள் நடந்து போன பள்ளிக்கூடம் தூரமானதும், வருடா வருடம் தீ மிதித்த கோயில் வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் ஏறவில்லை. பெரும்பாலோருக்கு நன்மை என்று சொல்கிறவர், சிலருடைய இழப்பை முழுதாகக் கழித்துப் பார்த்தாரா? பெரும்பாலோர் நன்மையே அறம் என்ற தத்துவவாதிகள் பெந்தம், மில் இருவரின் பெயரையும் பேச்சாளர் சொல்லியிருக்கிறார், நல்லது. அதே பெந்தம் சொன்னதாக மில் எழுதிவைத்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்: ஒவ்வொருவரும் ஒன்றாக எண்ணப்பட வேண்டும், யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை. பங்களாவில் இருப்பவரும் ஒன்று, லயத்தில் இருப்பவரும் ஒன்று. அந்த எண்ணிக்கை எங்கள் தோட்டத்தில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

என் மகள் வேலை பார்த்துக்கொண்டே நிர்வாகம் படித்தபோது அவளுடைய பாடப் புத்தகங்களை நானும் படித்தேன். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1785-லேயே எழுதிவிட்டார், மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று. 1971-ல் அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் ஒரு வழி சொன்னார்: நீ எந்த இடத்தில் பிறப்பாய் என்று தெரியாமல் விதியை எழுது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு பங்களாவில் விழிப்போமா லயத்தில் விழிப்போமா என்று தெரியாதிருந்தால், அந்த 37 கடிதங்களிலும் துரை கையெழுத்துப் போட்டிருப்பாரா? போட்டிருந்தாலும் மாற்று வீடு இல்லாமல் போட்டிருப்பாரா? சேவைத் தலைமை, அதாவது தலைவன் முதலில் சேவகனாக இருக்க வேண்டும் என்பது பற்றி 1970-ல் எழுதிய கிரீன்லீஃப், பெரிய தொலைபேசி நிறுவனத்தில் ஏறக்குறைய நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு தலைமையைச் சோதிக்க அவர் வைத்த கேள்விகளில் ஒன்று, அதனால் கடைசியில் இருப்பவனுக்கு நன்மை உண்டா, குறைந்தது இருப்பதையாவது இழக்காமல் இருப்பானா என்பது. இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்க, ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக் கட்டம் போட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

துரைமார் எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. நான் சேர்ந்த புதிதில் வேறு ஒருவர் இருந்தார். அப்போது பால் நிறுவையில், பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலக் குழாயை விட்டுத்தான் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்போம், அதை வைத்துத்தான் கூலி. எனக்கு முன்னால் இருந்தவர் வாசிப்பில் கொஞ்சம் குறைத்தே எழுதி வந்திருக்கிறார். இந்தத் துரை தினமும் ஸ்டோருக்கு வந்து தன் கையாலேயே இரண்டு மூன்று வாளியைச் சோதிப்பவர், அதனால் பிடிபட்டது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டிருக்கலாம். மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும், “என் ஆபீசில் நடந்த தப்பு, பொறுப்பு என்னுடையது” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, இரண்டு மாத வித்தியாசத்தைக் கொடுக்க வைத்தார். நல்ல செயலைத் திரும்பத் திரும்பச் செய்துதான் ஒருவன் நல்லவன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைப் பிற்பாடு படித்தபோது, வாளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர்தான் என் கண்ணுக்கு வந்தார்.

இப்போது அறம் என்றால் ஒரு மணி நேர வகுப்பு, ஒரு கையெழுத்துத் தாள். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்ததிலிருந்து, நிறுவனத்தின் ஆள் அதற்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் பொறுப்பு. போதுமான நடைமுறை வைத்திருந்தேன் என்று நிறுவனம் காட்டினால்தான் தப்பலாம். நல்ல சட்டம்தான். என் மருமகன் தொழிற்சாலையிலும் அப்படிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த மாதம், ஓவர்டைம் கொடுப்பதில் சூப்பர்வைசர் பாரபட்சம் செய்கிறார் என்று அவன் மேலாளரிடம் போய்ச் சொன்னான். அவனை நிரந்தர இரவு ஷிப்டில் போட்டார்கள். தகவல் கொடுப்போரைப் பாதுகாக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், அமலாக்க நிறுவனத்திடம் போய்ச் சொல்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தன் மேலாளரை நம்பிப் போனவனுக்கு அதனால் என்ன பயன்?

நம் ஆட்கள் நடத்தும் இடங்களிலும் இதே கதைதான், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவன் இல்லை. எங்கள் ஊரில் நான் உறுப்பினராக இருக்கும் சிறிய கூட்டுறவில், ஆண்டுக்கூட்டத்தில் ஒரு பாட்டி தன் லாபப்பங்கைப் பற்றிக் கேட்டார். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். ‘பெரும்பாலோர் கணக்கை ஏற்றுக்கொண்டாயிற்று, உட்காருங்க ஆயா’ என்றார் தலைவர். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. அந்தப் பாட்டி எண்ணிக்கையில் வரவில்லையா?

இந்த ஊர் வேறு மாதிரித் தலைமையையும் பார்த்திருக்கிறது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தொழிலாளிகளிடம் கேட்டார். அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். என் அம்மாவும் பத்து வெள்ளி கட்டினார். அந்த மாதங்களில் வீட்டில் மீன் வாங்கவில்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா ஒரு நாளும் குறை சொல்லவில்லை. கேட்டவர் நேரில் வந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பத்திரிகையின் பழைய பக்கங்களைப் புரட்டினாலே கிடைக்கும். தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துக்கு முழுப்பக்கம் தருகிறீர்கள். கூட்டுறவு ஆண்டுக்கூட்ட அறிவிப்போ கடைசிப் பக்க மூலையில், பூதக்கண்ணாடி இருந்தாலும் படிக்க முடியாத எழுத்தில் வருகிறது. போன வருடம் இதைப் பற்றி எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. என் வேண்டுகோள் பெரிதல்ல, ஐயா. எங்கள் கூட்டுறவின் அடுத்த ஆண்டுக்கூட்ட அறிவிப்பு வரும்போது, அந்த ஆயாவால் படிக்க முடிகிற எழுத்தில், உள்பக்கத்தில் போடுங்கள். கட்டணம் கூடுதலானால் சொல்லியனுப்புங்கள், வித்தியாசத்தை நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.