ஆற்றுக்குப் போகும் வழிக்காக வழக்குப் போடுகிறோம்: உங்கள் நன்கொடை வேண்டும்

ஊரில் உள்ளவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் பாதைக் குழுவின் வணக்கம்.

வெள்ளாற்றின் தென்கரைக்கு நாம் நடந்துபோகும் வழியைக் கம்பிவேலி போட்டு அடைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நிலம் கைமாறி, இறால் குட்டைகளைப் பெரிதாக்கியபோது வந்த வேலி அது. பண்ணைக்காரர்களிடம் போய்ப் பேசினோம். "காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை கேட்டைத் திறந்து வைக்கிறோம், அனுமதி கேட்டு ஊர் சார்பில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதை ஏன் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் பணம் கேட்க வேண்டும்.

நடந்துபோய் ஆற்றில் இறங்கித் தொழில் செய்வது நீர் வற்றும் நேரத்தில்தான். கடல் ஏற்ற இறக்கத்தால் முகத்துவாரத்தில் அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை பத்து மணிக்கு வற்றினால் நாலைந்து நாளில் அது பிற்பகல் ஆகிவிடும். இன்னும் சில நாள் போனால் ஒரு வற்றம் விடிவதற்கு முன்னாலும் அடுத்தது பொழுது சாய்ந்த பிறகும் விழும். அந்த நாட்களில் காலை ஆறுக்குத் திறந்து சாயங்காலம் ஆறுக்கு மூடுகிற கேட் யாருக்கு என்ன பயன்? படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலியால் பெரிய நஷ்டம் இல்லை, அவர்கள் துறையிலிருந்து நேரே ஆற்றில் இறங்கிவிடுவார்கள். அடிபடுவது கால்நடையாகப் போய்த் தொழில் செய்கிறவர்கள்தான். தோளில் வீச்சு வலையோடு போகிறவர்கள், அப்புறம் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கிற வேலை அது. நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் அவர்களுக்குக் கணக்கு. இப்போது பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அதில் பாதி போய்விடுகிறது. திரும்பி வரும்போது இறால் ஐஸ் இல்லாமல் வெயிலில் அவ்வளவு தூரம் வர வேண்டும். வியாபாரி விலையைக் குறைப்பதற்கு அதுவே போதும்.

கடித விஷயம் இதைவிட முக்கியம். அடுத்தவர் நிலத்தில் நடப்பது போன்ற உரிமைகளைச் சொல்வது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவுப்படி, ஒரு வழியை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் அந்த வழியுரிமை சட்டப்படி நிலைத்துவிடும். "உரிமையோடு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்தவர் அனுமதியோடு நடந்தால் அது உரிமை ஆகாது. "தயவுசெய்து அனுமதிக்கவும்" என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தாத்தா காலத்திலிருந்து நடந்த நடையெல்லாம் அவர்கள் போட்ட பிச்சை என்று ஆகிவிடும். நாளைக்குக் கேட்டைப் பூட்டினாலும் வாய் திறக்க முடியாது.

வேலியை அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று சில தம்பிகள் சொன்னார்கள். அந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் சட்டம் கேட்கிற "அமைதியாக" என்ற சொல்லை நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளக் கூடாது. காலமும் குறைவு. தடையை அறிந்த பிறகு ஓராண்டு பேசாமல் பொறுத்துக்கொண்டால், நம் பயன்பாடு அறுந்துபோனதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேலி போட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆட்சேபக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அடுத்தது சிதம்பரம் நீதிமன்றம்தான்.

நம் பக்கம் வலு இருக்கிறது. ஆறு யாருடைய பட்டாவிலும் இல்லை, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அது அரசுச் சொத்து. ஊர்ப் பக்கம் நம் வழி வண்டிப்பாதைப் புறம்போக்கில்தான் போகிறது. நடுவில் பட்டா நிலத்தைக் கடக்கும் துண்டு மட்டும்தான் தகராறு. ஊர் வழக்கத்தால் வரும் உரிமையை வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவும் ஏற்கிறது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், பண்ணைகளால் மீனவர்களின் வழி அடைபடுவதும் பதிவாகியிருக்கிறது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தோடு வந்த வழிகாட்டு விதிகள், மக்கள் மீன் இறங்குதளங்களுக்குப் போய்வர வசதியாக அடுத்தடுத்த இரண்டு பண்ணைகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் விட வேண்டும் என்றன. நாம் கேட்பது அதில் ஒரு சிறு பங்கு, தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப் போகும் அகலம். பண்ணையை மூடச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

சரி, பணம் எதற்கு? வக்கீல் தன் கட்டணத்தில் பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறார். மற்ற செலவு நிற்கிறது. ஊர் முழுவதன் சார்பிலும் வழக்குப் போடும்போது நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் ஆணையரும் சர்வேயரும் வந்து இடத்தை அளப்பதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். புலப்பட நகல், அ-பதிவேட்டு நகல், பழைய பத்திரங்களின் நகல் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டணம். சாட்சி சொல்ல வரும் வயதானவர்களை வண்டி வைத்துத்தான் கூட்டிப்போக முடியும், அன்றைய கூலியையும் கொடுத்தாக வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். உள்ளூரில் வீட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். இருளர் குடியிருப்பில் யாரிடமும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்களே சேர்ந்து ஒரு தொகை கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுதான் ரசீது புத்தகத்தில் முதல் பக்கம்.

பாக்கியை வெளியில் இருக்கும் உங்களை நம்பித்தான் தொடங்குகிறோம். வருமான வரி விலக்குக்கான பதிவு குழுவுக்கு இல்லை. பண்ணை சம்பந்தப்பட்டவர்களிடமும், பெயர்ப்பலகை வைக்கக் கேட்கும் கட்சிக்காரர்களிடமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியாது. மாதம் முதல் ஞாயிறு வரவு செலவுக் கணக்கைக் கோயில் மண்டபத்தில் ஒட்டுவோம், வெளியூர்க்காரர்களுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். மீதி இருந்தால் அந்தப் பாதைக்கு கிராவல் அடிக்கத்தான் செலவாகும்.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உங்கள் வீட்டார் மூலம் கொடுங்கள். அந்த வழியில் எடுத்த பழைய போட்டோ, கல்யாண வீடியோ, சங்கத்துச் சீட்டு எது இருந்தாலும் கொடுங்கள், 20 ஆண்டுக்கு முந்தையது என்றால் பணத்தைவிடப் பெரிய உதவி. வழி சம்பந்தமாக யார் எந்தத் தாளை நீட்டினாலும், குழுவிடம் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.