மரபுக் கட்டட ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் நூலகச் சீரமைப்பும் நல்லபடியாக நடந்தன.

சென்னைக் காமராசர் சாலை நடைப்பயணத்தில், காவல்துறைத் தலைமையகமான டிஜிபி அலுவலகத்தை எதிர்நடைபாதையிலிருந்து பார்த்தோம். 1839இல் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் சபைக்காகக் கிரேக்கக் கோயில் சாயலில், தூண்களோடு எழுந்த கட்டடம். 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை வந்தது. 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1990களில் இடிக்க இருந்ததை மரபு ஆர்வலர்கள் வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். அக்காலச் சென்னையில் இப்படிப்பட்ட தூண்கள் பெரும்பாலும் செங்கல்தான். சலவைக்கல் மாதிரி மின்னியது கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்து, செங்கல்லோடு பெயர்த்துக்கொண்டு விழும்.

அந்தச் சுண்ணாம்புப் பூச்சைக் கற்கவே இவ்வாண்டுப் பயிற்சி. முதல் பூச்சு அரை அங்குலம்: சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, குழைக்க வெல்லத் தண்ணீர். இரண்டாவதற்குச் சலித்த சுண்ணாம்பும் பொடி வெண்மணலும். மூன்றாவதற்குச் சுண்ணாம்பில் கால் பங்கு வெண்மணல் சேர்த்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். 36 லிட்டர் கலவைக்கு 10, 12 முட்டையின் வெள்ளைக் கரு, கால் கிலோ நெய், ஒரு லிட்டர் தயிர். இரண்டாம் பூச்சு காயுமுன் இதைப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே, கசியும் நீரைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். கை ஓயக் கூடாது.

முதல் நாள் 16 பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் 4 பேர். ஆள் போதாமல் மாதிரிச் சுவரின் வலப்பாதியில் இரண்டாம் பூச்சு காய்ந்துவிட்டது; அங்கே மேல்பூச்சு மயிரிழையாக வெடித்திருக்கிறது. இடப்பாதியில் கண்ணாடிபோல் முகம் தெரிகிறது. பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் இரண்டு பாதியையும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

வரவுக்குள் செலவு அடங்கியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. உறுப்பினரில் பாதிப் பேர் சந்தா நிலுவை. கற்றுத்தந்த கொத்தனார்களுக்கும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

மார்கழிப் பயிற்சிக்கான சுண்ணாம்பை இப்போதே தண்ணீர் விட்டு நீர்த்து, தொட்டியில் ஊறப்போட வேண்டும். சரியாக நீராத துணுக்கு பூச்சுக்குள் போனால், பிறகு பொரிந்து குழி விழும். சுண்ணாம்பு வாங்கும் பணம் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். நிலுவையை ஏப்ரல் 14க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்