ஒரு யென் மொய்

ஈடா, நாகானோ மாகாணம், ஜப்பான்,
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, தங்கை, குழந்தை ஆகியோர் நலமும் அறிய ஆவல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது; தோல் சீவிய பெர்சிமன் பழங்களைக் கயிற்றில் கோத்து, வீட்டு முகப்பில் சரம் சரமாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள்.

சென்ற மாதம் பேசியபோது, "அந்த ஊரில் மொய் உண்டா?" என்று கேட்டீர்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல என்பதால் அன்று மழுப்பிவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்து விசேஷ வீடுகளில் இத்தனை காலம் மொய் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் உங்களிடம், இவர்களுடைய மொய் உறையைப் பற்றியும் அதன் மேல் கட்டும் கயிற்றைப் பற்றியும் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைசல் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரின் திருமணத்துக்கு அழைப்பு வந்தது. உடன் வேலை செய்பவர்கள் முப்பதாயிரம் யென் வைப்பது வழக்கம் என்று விசாரித்துக்கொண்டேன். மணமக்கள் பிரியக் கூடாது என்பதால் இரண்டாகப் பங்கிட முடியாத ஒற்றைப்படை எண்ணில்தான் வைக்கிறார்கள். நாம் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று வைப்பதைப் போலத்தானே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. கடையில் இருந்தவற்றில் மிக அழகான உறையை, சிவப்பும் வெள்ளையுமான கயிறு வண்ணத்துப்பூச்சி போல இரு காதுகள் விரிய முடிந்திருந்த ஒன்றை, வாங்கினேன். மூன்று தாள்களை வைத்த பிறகு, ஒற்றை ரூபாய் வைக்காத மொய் மொய்யா என்று தோன்றவே, ஒரு யென் நாணயம் ஒன்றையும் உள்ளே போட்டு ஒட்டினேன். அது வெறும் அலுமினியம். எடை சரியாக ஒரு கிராம்.

பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் அறுபது வயது கடந்த அம்மையார் அந்த உறையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். காது விட்டு முடிந்த முடிச்சு, ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி முடியலாம். ஆகவே, பிள்ளைப் பேறு போல மீண்டும் மீண்டும் வரட்டும் என்று நினைக்கிற நிகழ்வுகளுக்கு மட்டுமே அது உரியது. திருமணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனால், "இன்னொரு முறையும் கல்யாணம் செய்துகொள்" என்று வாழ்த்தியதாக ஆகிவிடும். நல்ல வேளையாக விசேஷத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நாணயத்தையும் அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். தாள் வைக்கும் உறைக்குள் சில்லறை குலுங்கக் கூடாதாம்.

கயிறு என்று சொன்னேனே, அதன் பெயர் மிசுஹிகி. நூலும் அல்ல, சணலும் அல்ல, காகிதம். கையால் செய்த காகிதத்தை மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, திரி போல முறுக்கி, கஞ்சிப் பசை பூசி, இழுத்துக் கட்டி உலரவிடுகிறார்கள். அதன் பிறகு சாயம் ஏற்றுவதும் உண்டு, மேலே பட்டிழையோ பொன்நிறத் தாளோ சுற்றுவதும் உண்டு. ஜப்பான் முழுவதற்கும் வேண்டிய மிசுஹிகியில் ஏறத்தாழ 70 விழுக்காடு, இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையே தென்ரியூ ஆற்றங்கரையில் கிடக்கிற இந்தச் சிறிய ஊரிலிருந்துதான் போகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சாமுராய்கள் குடுமி வைத்திருந்த காலத்தில், அதைக் கட்டும் காகிதக் கயிற்றுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. மினோ பகுதியிலிருந்து வந்த புன்ஷிச்சி என்ற காகிதத் தொழிலாளி செய்த கயிறு அறுபடாமலும் வழுக்காமலும் இருந்ததால், எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) வரை விலைபோனது என்கிறார்கள். 1871இல் மெய்ஜி பேரரசரின் அரசு, குடுமியை எடுத்துவிடலாம் என்று ஆணையிட்டது. தலைகள் கிராப்புக்கு மாறியதும் குடுமிக் கயிறு யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட, முறுக்கத் தெரிந்த அதே கைகள் பரிசு கட்டும் கயிற்றுக்குத் திரும்பின. சுமோ மல்லர்கள் மட்டும் இன்றும் குடுமி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கான கயிறு இன்றும் இங்கிருந்துதான் போகிறது.

அந்த அம்மையாரின் தாயார் வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு முடிச்சுப் போட்டவர். தாயிடம் கற்றதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குக் காட்டினார். முழத்தில் இரண்டு தேறும் நீளமுள்ள ஐந்து கயிறுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முறை உருவினார். விறைப்பாக நின்ற காகிதம் மூங்கில் சிம்பு போல வளையத் தொடங்கியது. இடப்பக்கம் ஒரு கண், அதன் மேல் வலப்பக்கம் இன்னொரு கண். பிறகு முனையை மேலே, கீழே, மேலே, கீழே என்று நுழைத்து எடுத்தால் நடுவில் மூன்றாவது கண் தானாகப் பிறக்கிறது. இதற்கு அவாஜி முடிச்சு என்று பெயர். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் அவிழாமல் இன்னும் இறுகும் என்பதால்தான் திருமண உறையில் இதைப் போடுகிறார்கள். நுழைப்பது கடினம் அல்ல; ஐந்து கயிறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், நாடா போலப் படுத்தபடியே வளைய வேண்டும் என்பதுதான் கடினம். எனக்கு ஒன்பதாவது முறையில்தான் படுத்தது. சின்ன வயதில் அம்மா பக்கத்தில் உட்காரவைத்து வாழைநாரில் பூக்கட்டச் சொன்னபோது எழுந்து ஓடாமல் இருந்திருந்தால், மூன்றாவது முறையிலேயே வந்திருக்கும்.

உறையின் வலது மேல் மூலையில் சிவப்பு வெள்ளைக் காகித மடிப்பு ஒன்றும், அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு கீற்றும் இருக்கும். அந்தக் கீற்று, ஒரு வகைக் கடல் நத்தையின் சதையைப் பட்டையாகச் சீவி, நீட்டி உலர்த்தி, மங்கலப் பொருளாகப் பரிசோடு வைத்த பழைய வழக்கத்தின் மிச்சம். இப்போது பெரும்பாலும் காகிதம்தான். உள் உறையில் தொகையை எழுதும் முறை உங்களுக்குப் பிடிக்கும். ஒன்று என்பதற்கு இவர்கள் எழுத்து ஒரே ஒரு படுக்கைக் கோடு. இன்னும் இரண்டு கோடு இழுத்தால் மூன்று. ஒருவர் வைத்த பத்தாயிரத்தைப் பேனா முனையிலேயே முப்பதாயிரமாக்கிவிடலாம் என்பதால், திருத்த முடியாத பழைய, சிக்கலான எழுத்துகளில்தான் தொகையை எழுத வேண்டும். "எண்ணால் எழுதியதை எழுத்தாலும் எழுது" என்று என் தலையில் குட்டுவீர்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் நம்மைப் போலவே மேசை போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் தொகையைப் படிப்பது கிடையாது.

துக்க வீட்டு உறையை ஆகஸ்டில் பார்த்தேன். அதிலும் அவிழாத முடிச்சுதான். கயிறு மட்டும் கறுப்பும் வெள்ளையும். மணமும் மரணமும் ஒரே முடிச்சில் கட்டப்படுவதைக் கண்டு திடுக்கிட்டேன். இரண்டும் அந்த வீட்டில் மறுபடி நேரக் கூடாதவை என்று விளக்கினார்கள். கடல் நத்தை மடிப்பு இந்த உறையில் கிடையாது. பெயரை வெளிறிய மையில் எழுத வேண்டும், கண்ணீர் விழுந்து கரைந்ததைப் போல. திருமணத்துக்கு வங்கியில் மாற்றிய புதுத் தாள். துக்கத்துக்குப் புதுத் தாள் வைத்தால் சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்ததாகப் பொருள் ஆகிவிடுமாம், எனவே புழங்கிய தாள். சாவு வீட்டில் "போய் வருகிறேன்" என்று நாம் சொல்லாததைப் போல, "மீண்டும் மீண்டும்" என்ற சொல் இவர்கள் வாயில் வரக் கூடாது. வைத்த பணத்தில் ஏறக்குறைய பாதி மதிப்புக்குத் தேயிலையோ வேறு பொருளோ பிறகு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எனக்கும் ஒரு தேயிலைப் பெட்டி வந்தது. நம் வழக்கம்போல் கணக்கை அடுத்த தலைமுறை வரை நீட்டுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

குழந்தையின் காதணி விழாவுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துகிறார்களே என்று தங்கை வருந்துவாள். சித்தப்பா மகனை என் இடத்தில் உட்காரவைத்துவிடுங்கள். சீருக்கான பணத்தை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நண்பரிடம் ஓர் உறையும் தந்திருக்கிறேன். அதன் மேல் உள்ள முடிச்சு நானே போட்டது. இரண்டு காதும் விரிந்த, இழுத்தால் அவிழ்கிற முடிச்சு, குழந்தைக்கு அதுதான் சரி. பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவையே மறுபடி முடியச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது அன்றைக்கு என் கையில் திரும்பி வந்த அந்த ஒரு யென். நோட்டில் வரவு வைக்கும்போது ரூபாய் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்