வீடியோ கேம்களுக்கும் ஒரு விமர்சனப் பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுப் படம் வெளியானால் மறுநாள் காலையில் விமர்சனம் வந்துவிடுகிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதையும் சேர்த்தே எழுதுகிறீர்கள். வீடியோ கேம் என்றால் மட்டும் நம் நாளிதழ்களில் இரண்டே செய்திகள்: ரம்மியில் பணம் போனது, பிள்ளைகள் போனும் கையுமாகக் கிடப்பது. இரண்டும் எழுத வேண்டியவைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் நாலு பேர் சேர்ந்து எதை விளையாடலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு அங்கே பதில் இல்லை. ஆங்கில விமர்சனங்களில் பெரும்பாலானவை வருடக்கணக்காக விளையாடிப் பழகியவர்களுக்கானவை. வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்கி, குடும்பங்களுக்காகத் தமிழில் ஒரு விமர்சனப் பத்தி தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வயது முத்திரை. ப்ளே ஸ்டோரில் '3+' என்று பார்த்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கேமைத் தயாரித்தவர் ஒரு கேள்விப் படிவத்தை நிரப்புகிறார். அடிதடி உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்ற பதில்களை வைத்து அந்த எண் விழுகிறது. விளையாடச் சுலபமா, கஷ்டமா என்பது அந்தக் கணக்கிலேயே வராது. ஐரோப்பாவின் பெகி முத்திரையும் அப்படித்தான். 2019-ல் வந்த ஃபிஃபா 20 கால்பந்து கேமுக்கு பெகி கொடுத்தது 3. அதற்குள் காசு கொடுத்து வாங்கும் வீரர் பாக்கெட்டுகள் இருந்தன. யார் கிடைப்பார் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே இந்த வகைப் பாக்கெட்டுகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டதால், அந்த நாட்டில் அவற்றைக் காசுக்கு விற்பது நிறுத்தப்பட்டிருந்தது. இதை அந்த 3 என்ற எண் சொல்லவில்லை, விமர்சகர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு உதாரணம், 2021-ல் வந்த 'இட் டேக்ஸ் டூ'. பார்வைக்கு பொம்மைப் படம் போல அழகாக இருக்கும். பெகி முத்திரை 12. கதையோ பிரிய முடிவெடுத்த கணவன் மனைவியைப் பற்றியது. நடுவில் அந்தப் பெற்றோர், மகளை அழவைப்பதற்காக அவளுக்குப் பிரியமான யானைப் பொம்மையைக் கெஞ்சக் கெஞ்ச இழுத்துப்போய் விளிம்பிலிருந்து தள்ளுகிறார்கள். பெரியவர்களுக்கே மனசு பிசையும். எட்டு வயதுப் பிள்ளையோடு உட்காருமுன் இது தெரிந்திருக்க வேண்டாமா? தனியாளாக இதை ஆடவே முடியாது. ஒரே சோபாவில் என்றால் இரண்டு கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி) தேவை. வெளியூரில் இருப்பவரோடு என்றால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' வழியாக இலவசமாகச் சேரலாம்.

என் பார்வையில் விமர்சகர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதுவரை கன்ட்ரோலரையே தொடாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, வாய் திறக்காமல் 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் எங்கே தடுமாறுவார்கள் தெரியுமா? கன்ட்ரோலரில் இரண்டு குச்சிகள். இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்வையைத் திருப்ப. பழகாதவர் நடக்கும்போது திருப்ப மறந்துவிடுவார், திருப்பும்போது நின்றுவிடுவார். சற்று நேரத்தில் பார்வை வானத்தைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ மாட்டிக்கொள்ளும். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கோளாறு அவரிடம் இல்லை, கேமின் தேர்வில். மைன்கிராஃப்ட்டில் இந்த இரண்டு குச்சிப் பழக்கம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஓவர்குக்ட் என்ற சமையல் கேமில் முழுச் சமையலறையும் மேலிருந்து தெரிகிறது. ஒரு குச்சி, சில பட்டன்கள் போதும். அங்கே தொல்லை கடிகாரம்தான். நேரம் ஓட ஓட ஒருவர் மீது ஒருவர் பாய்வார்கள். 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பில் உதவி முறை இருக்கிறது. அதைப் போட்டால் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே, பார்வையை நாமே திருப்ப வேண்டுமா என்ற ஒரு வரி எல்லா விமர்சனத்திலும் வரட்டும்.

குடும்பத்துக்கு என்றால், நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் ஓடும் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய கேமைத் தயங்காமல் சொல்லலாம். ஒரு பந்தயம் சுமார் மூன்று நிமிடம், நாலு பந்தயம் ஒரு கோப்பை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பாதியில் எழ வேண்டியதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தினால் இரண்டு உதவிகள் தெரியும்: ஒன்று வண்டி தடத்தை விட்டு விழாமல் பிடித்துக்கொள்ளும், மற்றொன்று தானாகவே ஓடவைக்கும். இவற்றை ஆளுக்கு ஆள் தனித்தனியாக வைக்கலாம். நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டையும் போடுங்கள். பெரிய பிள்ளைக்கு முதலாவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சில குறுக்குவழிகளில் நுழைய விடாது. ஸ்விட்ச் பெட்டியோடு வரும் ஜாய்-கான் என்ற குட்டி கன்ட்ரோலர் ஜோடியைப் பிரித்து இருவர் ஆடலாம். படுக்கவைத்துப் பிடிக்கும்போது விளிம்பில் உள்ள பட்டன்கள் பொடிப்பொடியாக இருக்கும். கூடவே தரும் கைப்பட்டையை மாட்டினால் எடுப்பாகக் கைக்கு வரும். விலை குறைவு என்று அதன் சிறிய வகையான ஸ்விட்ச் லைட்டை வாங்கினால் கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது, டிவியிலும் இணையாது. இது வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

டிவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டனை அழுத்திக் கொஞ்சம் தாமதமாக வண்டி திரும்பினால் கேமைத் திட்டாதீர்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அது. படத்துக்கான அமைப்பில் 'கேம் மோட்' போட்டால் பெருமளவு சரியாகிவிடும்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கேம் என்றால் போன்தான். அதற்கான விமர்சனத்தில், நெட்டை நிறுத்திவிட்டுத் திறந்தால் ஓடுகிறதா, முதல் விளம்பரம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, இன்ஸ்டால் செய்த பிறகு உள்ளே இன்னும் எவ்வளவு இறங்குகிறது, முகம் தெரியாதவர்கள் பேச வழி இருக்கிறதா என்பவை வேண்டும். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர். போனால் அரை மணிக்கு ஒன்றுதான் திரும்பும். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளையின் விரல் 'வாங்கு' பட்டனைத் தேடுகிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி ப்ளே ஸ்டோர் செட்டிங்கில் வைக்கலாம் என்பதைப் பத்தியின் ஓரத்தில் நிரந்தரமாகவே போட்டுவிடலாம்.

முதல் விமர்சனத்துக்கு ஒரு பெயரும் சொல்கிறேன்: 2023-ல் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா'. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. நாயகி வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேரன் முழிக்கும் இடத்தில் பாட்டி விடை சொல்லிவிடுவார். தப்பானால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அமைப்பான பாஃப்டா 2024-ல் சிறந்த அறிமுக கேம் விருதை இதற்குத்தான் கொடுத்தது. நம் வீட்டு இட்லிக் கொப்பரையை வைத்துச் செய்த கேமை நம் மொழி நாளிதழ் விமர்சிக்காமல் யார் விமர்சிப்பது?

முழு ஆண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே பத்தி தொடங்கினால் நல்லது. பெற்றோர் பணம் செலவழிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி