திருகோணமலை வரலாற்று ஆசிரியர்களுக்கு: பேர்ச்சலின் செய்தி எந்தத் துறைமுகத்துக்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் காட்ட மாணவரை அழைத்துச் செல்லும்போது, லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானியே திருகோணமலையைக் காப்பாற்றினார் என்று சொல்லப்படுகிறது. ஜப்பானியக் கடற்படை இலங்கையைத் தாக்க வந்த 1942 ஏப்ரல் 4, 5, 8, 9 ஆகிய திகதிகள் ஒன்றோடொன்று கலந்துபோவதால் வரும் பிழை இது. அவருக்கும் இது நியாயம் செய்வதில்லை.

ஏப்ரல் 4 அன்று தென்கரையிலுள்ள கொக்கலவிலிருந்து எழுந்த அவருடைய கற்றலினா என்ற வேவு விமானத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். பிற்பகலில், இலங்கைக்குத் தென்தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைலில் அடிவானத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தெரிந்தன. எத்தனை கப்பல், என்ன வகை, எந்த இடம், எந்தத் திசை, என்ன வேகம் என்பவை இல்லாத செய்தியால் கட்டளையகத்துக்குப் பயனில்லை. எண்ணவேண்டுமானால் கிட்டப் போகவேண்டும். கிட்டப் போனால் காவல் விமானங்கள் கண்டுவிடும். கற்றலினா மணிக்கு 200 கி.மீ. அளவில் பறப்பது, ஜப்பானியச் சண்டை விமானமான சீரோவோ 500 கி.மீ.ஐத் தாண்டும். கண்டுவிட்டால் தப்ப வழியில்லை. செய்தியை மூன்று தடவை அனுப்புவது நடைமுறை. மூன்றாம் தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டு வானொலிக் கருவி சிதைந்தது. ஆறு பேரே உயிரோடு சிறைப்பட்டார்கள்.

அந்தச் செய்தி பயன்பட்டது கொழும்புக்கு. அங்கிருந்து பல கப்பல்கள் விலகிக்கொண்டன. ஆனால் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, ராடார் இருந்தும் முன்னறிவிப்பு வரவில்லை. இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான்.

திருகோணமலையை எச்சரித்தது 8ஆம் திகதி பறந்த வேறொரு கற்றலினா. அன்றிரவே கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாள் காலை 7 மணியளவில், தாக்க வந்த விமானங்களை இங்குள்ள ராடார் சுமார் 90 மைலிலேயே கண்டது. சீனக்குடா ஹரிக்கேன்கள் நேரத்தோடு எழுந்தன. கொழும்பில் கிடைக்காமற்போன முன்னறிவிப்பு இங்கே கிடைத்தது என்பதை மாணவர் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் தெற்கே அனுப்பப்பட்ட பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ் தப்பவில்லை. தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத விமானந்தாங்கிக் கப்பல் அது. திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது; 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பேர்ச்சலின் கதையை அந்தக் கடலோடு முடித்துவிடாதீர்கள். ஜப்பானியச் சிறைமுகாம்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். நோயுற்ற கைதிகளை வேலைக்கு இழுத்த காவலர்களை எதிர்த்து நின்று, அதற்காக வதைபட்டார். எங்கள் கணிப்பில் அவருடைய பெரிய பணி இதுதான். பின்னர் விமானப்படையில் எயார் கொமடோர் என்ற உயர்பதவியை அடைந்தார். 1937இல் தாம் படித்து வெளியேறிய, கனடாவின் கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரிக்கே 1963 முதல் 1967 வரை தலைமை தாங்கினார். 2004இல் காலமானார்.

எங்கள் வேண்டுகோள் இது. குதங்களுக்குப் போகுமுன் வகுப்பில் ஓர் இலங்கை வரைபடத்தை விரியுங்கள். கொக்கல, அந்த 350 மைல் புள்ளி, கொழும்பு, சீனக்குடா, மட்டக்களப்பு ஆகியவற்றை மாணவரே குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதியை எழுதட்டும். பேர்ச்சலின் பெயருக்கு முன்னால் ஸ்குவாட்ரன் லீடர் என்று எழுதச் சொல்லுங்கள். 1942 ஏப்ரலில் அவர் வகித்த பதவி அதுவே.

இங்ஙனம்,
திருகோணமலைப் போர்க்கால வரலாற்றைத் தொகுத்துவருவோர்