மாலைக்கு ஒரு படம்

கோவில்பட்டி,
ஞாயிறு காலை

அன்புள்ள வாத்தியாரே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை முதல் சொல்லிலேயே கொஞ்சம் பொய் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது சோம்பலால் இல்லை, நீ கேட்டது அப்படி. "1986-ல நீ எடுத்த பொண்ணு பார்க்கிற போட்டோ நெகட்டிவ் இருந்தா பெரிசு பண்ணி பிரேம் போட்டு வை. இல்லேன்னா பிள்ளைக ஆதார் கார்டு மூஞ்சியப் பெரிசாக்கி மாலை போட்டுருவாங்க. அந்தக் கோலத்துல நான் சுவத்துல தொங்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். வீட்டில் என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நெகட்டிவ் இருக்கிறது. 2011-ல் என் ஸ்டுடியோக் கடையை மூடும்போது பாதியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாலும் நம் செட்டு ஆட்களுடையதை மட்டும் ஒரு தகர டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். பரணில் ஏறித் தேடி எடுத்து டியூப்லைட் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. நம் கடைக் கருநீலக் கோட்டில் ஜம்மென்று இருக்கிறாய். முதுகுப் பக்கம் கிழிந்து தொங்கும் அந்தக் கோட்டு உனக்கு நினைவிருக்கும், ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அதில்தான் கல்யாணம் முடித்தார்கள். ஆனால் நெகட்டிவை லேசாகச் சாய்த்துப் பிடித்தேன் பார், முகத்தில் பென்சில் மினுங்கியது.

அந்த வேலையை உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. அம்மைத் தழும்பின் குழியில் நிழல் விழும் இல்லையா, அது நெகட்டிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். பிலிம் மேல் மீடியம் என்கிற பசைத் திரவத்தைப் பஞ்சால் தொட்டுத் தேய்த்தால் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டு, அந்தப் புள்ளிகளில் மட்டும் பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் பிரிண்டில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். உன் முகத்துக்கு இரண்டு ராத்திரி ஆனது. தொழில் திமிரில் எண்ணிக்கொண்டே செய்தேன்: கன்னம் இரண்டிலும் சேர்த்து 43. பிரிண்ட் வந்ததும் உன் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினேன். "எம்புள்ள அம்மை வாக்கறதுக்கு முந்தி இப்பிடித்தான் இருந்தான்" என்று அழுதார்கள். அன்றைக்கு நான் பெரிய கலைஞன்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும். பெண் வீட்டில் நீ போய் உட்கார்ந்து காப்பி குடித்து முடித்த பிறகு தங்கச்சியோட, அதாவது பின்னால் உன் வீட்டுக்காரி ஆனவளோட சித்தி, "போட்டோல இருந்த தம்பி வரலையா?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக அதை நீ ஜோக்காகவே சொல்லி வந்திருக்கிறாய். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன். போன வாரம் உன் கல்யாணப் படங்களின் காண்டாக்ட் பிரிண்டை, நெகட்டிவ் அளவிலேயே போட்ட சின்னப் பிரிண்டை, எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டும்போது, சாப்பாட்டுப் பந்தியில், குரூப் போட்டோவில், ஒன்றில்கூட நீ கேமராவை நேராகப் பார்க்கவில்லை. ஒன்று குனிந்திருக்கிறாய், இல்லையென்றால் கை கன்னத்தில். எடுத்தவன் நான். அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது ஏன் உறைத்தது என்கிறாயா? போன மார்கழியில் ஒரு நாள் பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இறங்கிக் கிடக்கிறது. பக்கவாதம் என்று வீடே அலறியது. அது இல்லை, முகவாதம். முகத்துக்கு வருகிற ஏழாம் நரம்பு வீங்கி இற்றுப்போவது. முதலில் போன ஆஸ்பத்திரியில் குளிர்காற்று பட்டிருக்கும் என்று ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளைக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்திருந்தால் நல்லது என்று இரண்டாவது டாக்டர் சொன்னபோது ஆறு நாள் ஆகியிருந்தது. பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் முழுசாகத் திரும்பிவிடுமாம். எனக்கு முழுசாகத் திரும்பவில்லை. ராத்திரி கண்ணை டேப் ஒட்டி மூடித் தூங்கினேன். டீ குடித்தால் உதட்டை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உன்னிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். வீடியோ காலில் வராமல் இங்கே நெட் சரியில்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய். உன்னிடமே மறைத்திருக்கிறேன் பார்.

சித்திரை லீவுக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். சென்னையில் போட்டோகிராபராக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, அவள்தான். "மாமா, உங்களை ஒரு போர்ட்ரெய்ட் எடுக்கணும்" என்றாள். முகம் சரியாகட்டும் என்றேன். "சரியாகலேன்னா?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம்.

வடக்கு வாசல் திண்ணையில் முக்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். லைட் கிடையாது, வெள்ளைச் சுவர், வாசல் வெளிச்சம், அவ்வளவுதான். ஆறு அடி தள்ளி நின்று கேமராவைத் தூக்கினாள். நான் தன்னால் வலது பக்கத்தைத் திருப்பி, நாடியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துவிட்டேன். "மாமா, இது நீங்க கஸ்டமருக்குச் சொல்றது" என்று சொல்லிக் கேமராவை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சிரிங்க என்று சொல்லவில்லை, அசையாதீங்க என்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் நான் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியில் தலையை நுழைத்து நின்றவன். முன்னால் உட்கார்ந்தவன் எவ்வளவு நிராயுதபாணி என்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. வேஷ்டியை நாலு தடவை சரி பண்ணினேன்.

அதற்குள் டீ வந்தது. வழக்கம்போல விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒரு சொட்டு ஒழுகி நாடியில் நின்றது. துண்டை எடுக்கப் போனேன். "எடுக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். சட்டென்று திருட்டுத்தனமாக எடுத்திருந்தால் கோபம் வந்திருக்கும். கேட்டுவிட்டாள். துண்டைக் கீழே வைத்தேன். நேராகப் பார்த்தேன். எடுத்தாள்.

பிரிண்டைத் தபாலில் அனுப்பியிருந்தாள். பிரித்ததும் என் கை பழைய வேலையைத்தான் பார்த்தது: கண்ணுக்குக் கீழே பை, அதை லேசாக்கணும்; நெற்றிக்கோடு மூன்று, இரண்டை எடுத்துவிடலாம். அப்புறம்தான் கவனித்தேன். கோடெல்லாம் வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கத்தில் நெற்றிச் சுருக்கம் இல்லை, மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பும் இல்லை. வழவழ என்று இருக்கிறது. நரம்பு செத்தால் தோல் அப்படித்தான் தளர்ந்து நேராகிவிடுமாம். வாத்தியாரே, என் பாதி முகத்தை நானே டச்-அப் பண்ணினது மாதிரி இருந்தது! முப்பது வருஷமாக ஊராருக்கு நான் செய்து கொடுத்த முகம் அது. வயசு தெரியாது, கோடு கிடையாது, சிரித்தால் சிரிக்காது. வலது பக்கக் கிழவன்தான் டீ சிந்திய வெட்கத்தில் சிரிக்கிறான். ஆள் அடையாளம் தெரிவதும் அவனால்தான்.

இருந்தாலும் முதல் நாள் அந்தப் படம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இது நான் மாதிரியே இல்லையே" என்றேன். கடையில் எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்! கூட வந்தவர் மட்டும் "அப்படியே இருக்கு" என்பார். இதை 1977-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில பெண்களிடம் அவர்களுடைய படத்தையும், அதையே இடவலமாகத் திருப்பிப் போட்ட படத்தையும் காட்டியிருக்கிறார்கள். அவரவருக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பியதுதான் பெரும்பாலும் பிடித்ததாம், தோழிகளுக்கோ நேர்ப்படம். தினமும் பார்த்துப் பழகியதுதான் நமக்கு அழகு. எனக்கு இப்போது இரண்டு பக்கமும் வேறு வேறு என்பதால் திருப்பினால் ஆளே மாறிவிடுகிறது. பேரனோடு போனில் பேசும்போது உன் மூக்கு கத்தரிக்காய் மாதிரி தெரிகிறது என்று புலம்பினாயே, அதற்கும் நீ பொறுப்பில்லை. ஓரடி தூரத்தில் எடுத்தால் ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். போனைத் தள்ளிப் பிடி.

தங்கை மகள் தன் போனில் சில படங்கள் காட்டினாள். ரிச்சர்ட் அவெடான் என்று ஒரு அமெரிக்கர், பேஷன் படங்களில் கொடிகட்டிப் பறந்தவர். அவர் தன் அப்பா ஜேக்கப் இஸ்ரேல் அவெடானைப் புற்றுநோயில் தேயத் தேய, 1969-லிருந்து 1973-ல் அவர் சாகும்வரை எடுத்திருக்கிறார். பின்னால் வெறும் வெள்ளை. முதல் படங்களில் கோட்டு சூட்டு, கடைசியில் ஆஸ்பத்திரி அங்கி. 1974-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் அதை மாட்டியபோது, சாகிற அப்பனையா காட்சிக்கு வைப்பது என்று கேட்டவர்களும் உண்டாம். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் குடும்பப் படங்கள் எப்படி எடுத்தார்களாம் தெரியுமா? நன்றாக உடுத்திக்கொண்டு, யாருடைய காருக்கோ வீட்டுக்கோ முன்னால் நின்று, இரவல் வாங்கிய நாயோடு. ஒரே வருஷத்து ஆல்பத்தில் பதினொரு நாய், ஒன்றுகூட அவர்களுடையது இல்லை! நம் கடைக் கோட்டு ஞாபகம் வந்தது. இரவல் நாயோடு வளர்ந்த பையன், அப்பாவைக் கடைசியில் எதுவும் இல்லாமல் வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தியிருக்கிறான்.

இன்னொருத்தி என் ஜாதி, ஸ்டுடியோக்காரி. லண்டனில் ஜோ ஸ்பென்ஸ். குடும்பப் படம், கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவள். 1982-ல் மார்பில் புற்றுநோய் என்றதும் கேமராவைத் தன் பக்கமே திருப்பிவிட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் மார்பின் மேலேயே இது ஜோ ஸ்பென்ஸின் சொத்தா என்று கேள்விக்குறியோடு எழுதிப் படமெடுத்திருக்கிறாள். எனக்கு அந்தத் துணிச்சல் எல்லாம் கிடையாது. சொட்டு டீயோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்வதால் டச்-அப் பண்ணியதே பாவம் என்று நான் மேடை ஏறப் போவதில்லை. "அண்ணே, கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று கண் கலங்கிய கறுத்த பிள்ளைகளை நீ பார்த்ததில்லை. அவர்கள் பயந்தது தரகர் பையிலிருந்த மற்ற படங்களுக்கு. உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று 22 வயசுப் பெண்ணிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 67 வயசில், பெண்டாட்டி பிள்ளைகள் விட்டுப் போகமாட்டார்கள் என்ற தைரியத்தில் எனக்கு வந்த ஞானம் இது. இன்னும் கண்ணாடி பார்க்காமல்தான் ஷேவ் பண்ணுகிறேன். ஆனால் அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்கிறார்கள், சொல்கிறேன். சொல்லச் சொல்ல லேசாகத்தான் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். தங்கச்சி போனபோது ரேஷன் கார்டுப் படத்தைத்தான் பெரிசாக்கினோம், அதில் யாரோ மாதிரி இருக்கிறாள் என்று இன்றைக்கும் சொல்கிறாய். 36 வருஷம் அவள் குடும்பம் நடத்தியது அந்தத் தழும்புக் கன்னத்தோடு. என் பென்சில் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் மாட்டினால், சித்தி கேட்ட கேள்வியை அவளும் கேட்பாள்.

பொங்கலுக்குத் தங்கை மகள் வருகிறாள். நீயும் வா. திண்டுக்கல்லில் காலையில் திருநெல்வேலி பக்கம் போகிற ரயில் ஏதாவது ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே. கோட்டு வேண்டாம், இருக்கிற வெள்ளைச் சட்டை போதும். தாடி விட்டு மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

நெகட்டிவில் இன்னொன்று செய்து பார்த்தேன். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்தால் பென்சில் வந்துவிடும். வலது கன்னத்தில் காதோரமாக ஒரு இடம் மட்டும் துடைத்தேன். ஏழு புள்ளி வந்தது. 39 வருஷம் கழித்துப் பார்க்கிறேன், எனக்குப் பழக்கமான ஏழு. மீதி 36-ஐ நீ சொன்னால்தான் தொடுவேன், அது உன் முகம்.

போன் பண்ணு. வீடியோவிலேயே பண்ணு. இந்தத் தடவை நெட் நன்றாக இருக்கும்.

உன்
ஸ்டுடியோக்காரன்