குன்றுச் சரிவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

படிக்கட்டு, மண்டபத் தளவரிசை, மின்விளக்கு, குடிநீர்த் தொட்டி நான்கும் முடிந்தன. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது.

பொதுக்குழுவில் நேரமெல்லாம் போனது சரிவில் வைத்த செடிகளைப் பற்றித்தான். "கோயில் பணத்தில் புல் வளர்த்தீர்களா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறோம்.

பாறைக்கு மேல் முழ மண்கூட இல்லாத சரிவு அது. பெரிய மரம் நிற்காது. ஆவாரை, விராலி, களா போதும் என்று முடிவெடுத்தோம். ஆவாரை நமக்குப் புதிதும் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரு காலத்தில் தோல் பதனிட்டதே ஆவாரம்பட்டையில்தான்.

ஆவணியில் கன்று வைக்கும்போதே ஒப்பந்தக்காரர் கீழ்ச்சரிவுப் புல்லை ஒன்றுவிடாமல் செதுக்கிவிட்டார். புல் தண்ணீரைக் குடித்துவிடும் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் மேல்மண்ணில் வலை போல வேர் பின்னி, பெய்த மழையை முதலில் இழுத்துக்கொள்ளும். வேர் இன்னும் கீழே இறங்காத கன்றுக்கு மிச்சம்தான் கிடைக்கும். மேல்சரிவில் புல்லைத் தொடவே கூடாது என்று நாங்கள் தடுத்தோம். கார்த்திகையில் போய்ப் பார்த்தால், இடுப்பளவுப் புல்லுக்குள் கன்றுகள் வெளிச்சமின்றி வெளுத்து, நூலாக நின்றன. அந்தத் தவறு குழுவினுடையது. மார்கழியில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒன்றரை அடி வட்டத்துக்கு மட்டும் புல்லை அறுத்து, அறுத்ததைத் தூரிலேயே மூடாக்காகப் போட்டோம்.

அப்புறம் கத்திரி வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டையாகக் கிடந்த கீழ்ச்சரிவில் மண் கொதித்தது. ஒரே கோடை மழையில் மேல்மண் கரைந்து அடிவாரத்துக்கு வந்தது. மறைவில்லாததால் ஆடுகளும் தேடிவந்து கடித்தன. ஆனியில் எண்ணியபோது கீழே பத்துக்கு ஒன்று தேறவில்லை. மேலே, சுற்றிலும் நின்ற காய்ந்த புல்லே நிழலாக, பத்துக்கு ஆறேழு பிழைத்திருந்தன. மழையில் பகையாக இருந்த அதே புல், வெயிலில் துணையாக நின்றது.

கடலோரப் புல்வெளிகளிலும் இதே இழுபறி உண்டு. கலிபோர்னியாவில் பக்காரிஸ் என்ற புதரின் நாற்றுகள், வசந்தத்தில் மழை மிகுந்த ஆண்டுகளில்தான் புல்லை மீறி எழுகின்றன. மழை குறைந்தால் ஓராண்டுப் புற்களே ஈரத்தைத் தீர்த்துவிடும். நம் கிழக்குக் கடற்கரையிலோ இராவணன் மீசை என்ற புல் மணலை ஓடவிடாமல் பிடித்து, பின்னால் வரும் செடிகளுக்கு நிலம் கொடுக்கிறது.

இனி, பணம். கருகிய கன்றுகளுக்கு மறுநடவுக் கூலியும் சேர்த்து முழுத்தொகையை ஒப்பந்தக்காரர் கேட்டார். நீங்கள் தண்ணீர் விடவில்லை என்றார். வாரம் இருமுறை லாரி வந்ததற்குப் பதிவேடு இருக்கிறது, யாரும் பார்க்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் "தரையைச் சுத்தம் செய்தல்" என்று எழுதியது நாங்கள்தான். ஆகவே குழி, கன்று இரண்டுக்கும் முழுத்தொகை, செதுக்கியதற்குப் பாதி கொடுத்தோம். மறுநடவுக்குக் கொடுக்கவில்லை. கறார் என்றார்கள் சிலர், இளிச்சவாய்த்தனம் என்றார்கள் சிலர். நாளை கேட்டாலும் இதையேதான் செய்வோம்.

தண்ணீர் லாரி அனுப்பிய காட்பாடி அரிசி மண்டிக்காரர், கன்று தந்த அணைக்கட்டு நாற்றங்கால் குடும்பம், வேலிக்குக் கொடுத்த சத்துவாச்சாரி ஓய்வுபெற்ற ஆசிரியை, கடப்பாரையும் மண்வெட்டியும் தந்த வேலப்பாடி இரும்புக்கடைக்காரர், ஞாயிறுதோறும் குடம் சுமந்த தோட்டப்பாளையத்துப் பெண்கள், கேட்டுக்கொண்டதும் ஆடுகளை மேற்குப் பக்கம் திருப்பிய இரண்டு குடும்பங்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர்கள் அடிவாரக் கல்வெட்டில் உள்ளன.

புல்லில் பாம்பு இருக்குமே என்ற பயம் நியாயமானது. படியின் இருபுறமும் ஆறடிக்குப் புல்லை அறுத்துவிட்டோம். காய்ந்த புல்லில் தீ பிடிக்கும் என்பதால் தை முடிவதற்குள் அடிவாரத்தைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்ட வேண்டும். அரிவாளும் களைக்கொத்தும் மண்டபத்து அறையில் இருக்கின்றன. சாவி பூசாரியிடம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு